மூன்றாவது பிரதி

நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு
இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், டி.டி.பி.
எல்லாக் கட்சி அறிக்கையும்
ஒரே எழுத்துருவில் அடித்துத் தருவேன்.

புதுப் பேருந்து நிலையத்துக்குப்
பெரியவாய்க்கால் ஓரம் பதினோரு ஏக்கர் நஞ்சை.
தென்கரையா வடகரையா,
கோப்பு சென்னையில், அமைச்சர் மேசையில்.
நாலு மணிக்குக் கையெழுத்தாம்.
டீ வாங்கப் போன தாலுகா ஆபீஸ் பியூன்
சொல்லிவிட்டுப் போனபோது மணி பத்தரை.

பத்தே முக்காலுக்கு
இளவழகன் அண்ணனின் ஆள் வந்துவிட்டான்.
"ரெண்டா அடிச்சு வையுங்க."
ஒன்றில்
டெல்டாவின் நெடுநாள் கனவை நனவாக்கிய
மாண்புமிகு அமைச்சருக்கு நெஞ்சார்ந்த நன்றி.
இன்னொன்றில்
நெற்களஞ்சியத்தின் கழுத்தை நெரிக்கும்
இந்த முடிவுக்கு வன்மையான கண்டனம்.
முதல் பத்தியும் கடைசிப் பத்தியும்
இரண்டுக்கும் பொது.
"எது போகும்?"
"தென்கரைன்னா நன்றி.
வடகரைன்னா மத்தது."
ஏன் என்று அவன் சொல்லவில்லை.
அண்ணனின் மச்சான் தென்கரையில் வாங்கிய பத்திரம்
பதினாலு பக்கம்,
போன தையில் நான்தான் ஜெராக்ஸ் போட்டேன்,
முன்னும் பின்னும்.

எதிர்க்கட்சி நடராசன் போனில் வந்தார்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் காரில் மாட்டிக்கொண்டு.
"எழுதிக்கம்மா, விவசாயப் பெருங்குடி..."
அங்கே சரக்கு வண்டி நுழைந்தது.
நாற்பத்தோரு பெட்டி எண்ணினேன்.
கடைசிப் பெட்டி போனதும்
"அவ்வளவுதான், போட்டுரு" என்றார்.
போன வருஷம் உரக்கிடங்குக்கு அவர் விட்ட அறிக்கையை எடுத்து
உரக்கிடங்கு என்ற இடத்தில் எல்லாம்
பேருந்து நிலையம் என்று மாற்றினேன்.
வாசித்துப் பார்த்து
"நல்லா வந்திருக்கு" என்றார்.

உச்சி வெயிலில் கவுன்சிலர் வேதவல்லி.
குடையை மடக்கி வாசலில் சாத்திவிட்டு
நோட்டில் கிழித்த ஒரு தாளை நீட்டினார்:
"தென்கரையில் என் கணவர் பேரில்
மூன்று மா நிலம் இருக்கிறது.
கோப்பு அமைச்சர் மேசையில் இருக்கையில்
எந்தக் கரை நல்லது என்று
நான் பேசுவது முறையாகாது.
வாய்க்கால் அடைபட்டால்
எந்தெந்த வயலுக்குத் தண்ணீர் ஏறாது என்ற பட்டியலை
மட்டும் கலெக்டரிடம் கொடுத்திருக்கிறேன்.
இணைப்பு ஒன்று."

"தலைப்பு என்னக்கா?"
கொஞ்சம் யோசித்து
வேண்டாம் என்றார்.
"இத எந்தப் பேப்பரும் போடாதே."
"போடாட்டி போவுது.
பிழை இல்லாம இருக்கட்டும்."
வடிகாலுக்கு நான் போட்டிருந்த ஒரு க்கன்னாவை
விரல் நகத்தால் காட்டினார்.
எடுத்துவிட்டேன்.
மூன்று பிரதி கேட்டார்.
காசு கொடுத்துவிட்டு
இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்,
மறதியா என்னவோ.

ஆறு மணிக்கு டிவியில் ஓடியது:
இரு கரையும் மறுஆய்வுக்கு. கோப்பு திரும்பியது.
ஆள் மறுபடி ஓடி வந்தான்.
நன்றி போனியாகாது, கண்டனமும் போனியாகாது.
"ரெண்டையும் கலந்து ஒண்ணு போடுங்களேன்."
வெட்டினேன், ஒட்டினேன்:
அவசரப்படாத அமைச்சரைப் பாராட்டுகிறோம்,
இனியும் தாமதித்தால் போராட்டம் வெடிக்கும்.
அண்ணன் திருத்தம் எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் பேப்பரில்
படத்தோடு இளவழகன்.
கீழே, படமில்லாமல், நடராசன்.
வேதவல்லி நாலு பேப்பரிலும் இல்லை,
கோயில் விசேஷப் பக்கம்வரை தேடினேன்.

மூன்றாவது பிரதி இன்னும் என் மேசை டிராயரில்.
பின் அடித்த பட்டியலில்
பதினேழாவது வரி என் அண்ணன் பேர்.
அரை மா.
அன்றைக்கு மூன்று பேருக்கும் அடித்துக் கொடுத்தபோது
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
இப்போது சொல்லிவிட்டேன்.
மேலே எழுதியதை எல்லாம்
அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.